ஆண்டியப்பன் விட்ட கூறு

“அண்ணே, இன்னைக்கு ஒருநாள் கறி வேணாம்னு சொல்லிருங்கண்ணே.”

பக்கத்து வீட்டு வாசலில் நின்று அழுதாள் பிரகதீஸ்வரி.

ஆண்டியப்பன் சிரித்தார். “நான் ஒருத்தன் திங்காட்டி ஆடு பொழச்சிருமாக்கும்?”

“பொழச்சிரும்ணே. எல்லாக் கூறுக்கும் ஆள் சேந்தாத்தான் கிடாயை அறுப்பாங்க. ஒரு கூறு கொறஞ்சாலும் தள்ளிப்போட்டுருவாங்க. தெரு பூராம் கேட்டுட்டேன், யாருமே மசியலை.”

அவள் காலில் விழப்போனாள். அவர் பதறிப்போய்க் கறிக்கடைக்கு போன் போட்டார். “என் கூறு வேணாம்ப்பா.”

பிரகதீஸ்வரி நிம்மதியாக வீட்டுக்கு வந்து ரசம் வைத்தாள்.

மதியம் அவள் கணவன் எழிலரசன் தூக்குவாளி நிறையக் கறியோடு வந்தான்.

“ஆண்டியண்ணன் கூறு வேணாம்னுட்டாராம். தள்ளிப்போடப் பாத்தாங்க, நல்லவேளை நான் எடுத்துக்கிட்டேன். நாம வித்த கிடாய்தானே! நீ பாத்துப் பாத்து வளத்தது, கறி சும்மாவா இருக்கும்?”