இரண்டில் நின்றவை

சிஹயா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தட்டின் இடப்பக்கத் துளியில், ஊசி படாத எலிக்கருக்கள் நான்கு நான்கு செல்களாகப் பிரிந்து ஒளியில் மினுங்குகின்றன. வலப்பக்கத் துளியில் எல்லாமே இரண்டோடு நின்றுவிட்டன. முந்தாநாள், ஒற்றைச் செல்லாக இருந்தபோது, அவற்றில் ஊசி போட்டு ஓர் ஆர்.என்.ஏ.வைச் செயல்படாமல் அவள்தான் அடக்கினாள். எந்தப் புரதத்தையும் உண்டாக்காத அதைக் குப்பை என்று எல்லோரும் ஒதுக்கியிருந்தார்கள். அது இல்லாமல் கரு வளராது என்று ஆறு வருடமாக அவள் ஒருத்திதான் சொல்லிவருகிறாள். இன்று ஆய்வுக்கூடத்தில் உயிர்விட்ட எலிகளுக்கு வருடாந்திர அஞ்சலி. கீழே தோட்டத்தில், அவற்றுக்காக நட்ட நினைவுக்கல்லின் முன் மணி ஒலிக்கிறது. கூட வேலைசெய்யும் தொகாஷி கறுப்புக் கோட்டுடன், கையில் இரண்டு வெள்ளைச் சாமந்தியோடு கதவருகே நிற்கிறான்.

"என்ன, உன் குப்பை என்ன சொல்லுது?"

"நீயே பாரு."

குனிந்து பார்த்தவன் நிமிர வெகுநேரம் ஆகிறது. "அடிப்பாவி, ஜெயிச்சிட்டியே. இனிமே குப்பைன்னு சொன்னா என் வாயில மண்ணு. சிரிக்கக்கூட மாட்டியா?"

"அந்தக் கல்லுல எலின்னுதானே வெட்டியிருக்கு. இதுங்களுக்கு யாரு பூ வைப்பா?"

தொகாஷி கையிலிருக்கும் சாமந்தியைப் பார்க்கிறான். படம் எடுத்தாயிற்று, இனித் தட்டைக் கழிவில் போடுவதுதான் வழக்கம். சிஹயா அதை இரு கைகளாலும் ஏந்தி, கருக்களை வளர்க்கும் உடல்சூட்டுப் பெட்டிக்குள் திரும்ப வைக்கிறாள். அதன் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, பூவுக்காகக் கையை நீட்டுகிறாள்.