ஒரு நிமிஷம் தள்ளி

"கேபிளை எடுத்துடுங்க" என்றார் அச்சக ஃபோர்மேன்.

புது பாக்ஸோடு வாசலில் நின்ற கேபிள்காரருக்குத் தன் காதிலேயே சந்தேகம் வந்துவிட்டது. "சார், நீங்களா சொல்றீங்க?"

அவர் கேட்டதில் தப்பில்லை. அந்தத் தெருவில் கேபிள் நின்றால் முதல் போன் ஃபோர்மேனிடமிருந்துதான் போகும். செய்தி வாசிக்கிறவர்களோடு சரிக்குச் சரி சண்டை போடுகிற மனிதர். சாப்பாடு கூட விளம்பரம் வரும்போதுதான்.

உள்ளேயிருந்து மனைவி ஓடி வந்தாள்.

"இருங்க, இருங்க! கேபிள், ஆன்லைன் ரெண்டும் எதுக்கு, ஒண்ணு போதும்னு சொன்னது நான்தான். ஆனா எடுக்க வேண்டியது ஆன்லைனை!"

"கேபிளை எடுத்துடலாம்."

"ஏங்க, நீங்க ஆன்லைன்ல முழுசா ஒரு படமாவது பார்த்திருக்கீங்களா?"

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னைப் பஞ்சாயத்துக்கு இழுக்காதீங்க" என்றாள் மகள், துணிகளைப் பெட்டியில் அடுக்கியபடி. "அடுத்த வாரம் நான் ஹாஸ்டலுக்குப் போயிடுவேன். எது இருந்தா எனக்கென்ன?"

"யாருமே பார்க்காததை வெச்சுக்கிட்டு, பார்க்கறதை எடுக்கணுமாம். நல்லா இருக்கு நியாயம்!" மனைவி கேபிள்காரரிடம் திரும்பினாள். "நாளைக்கு வாங்க. முடிவு பண்ணிச் சொல்றோம்."

அவர் போனதும் அவளுக்கு வேறொன்று உறுத்தியது. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அச்சகத்திலிருந்து வருகிற மனிதர், கையில் ஒட்டிய மையைக்கூடக் கழுவாமல் நேரே படுக்கையறைக்குப் போவார். ஒரு நிமிஷம் போனைப் பார்த்துவிட்டு வெளியே வருவார். ஏதோ ஆபீஸ் சமாசாரம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். ஐம்பத்து நாலு வயதில் இந்த மனுஷனுக்கு என்ன ரகசியம் வேண்டிக் கிடக்கிறது?

அன்றைக்குச் சாயங்காலம் சத்தமில்லாமல் பின்னால் போய் நின்றாள்.

போனில் அந்த ஆன்லைன் ஆப்தான் திறந்திருந்தது. திரையில் நாலு வட்டப் படங்கள். அவருக்கு, அவளுக்கு, மகளுக்கு என மூன்று. நாலாவதன் கீழே 'குட்டி' என்று இருந்தது. அவர் விரல் அதைத்தான் தொட்டது.

குட்டி, அவருடைய தங்கை. பேச்சு இருந்த நாளில் அவரே தங்கள் கணக்கில் அவளையும் சேர்த்து வைத்திருந்தார். மூன்று வருஷமாக அண்ணன் தங்கைக்குள் பேச்சில்லை. தங்கை தையல் கடை திறந்தபோது அழைப்பிதழ் அடித்துக் கொடுத்தவர் இவர்தான். அதில் பதினைந்தாம் தேதி, பதினாறு என்று விழுந்துவிட்டது. திறப்பு விழாவுக்கு வீட்டு ஆட்கள் நாலு பேர் மட்டும் நின்றார்கள். ஊரெல்லாம் மறுநாள் வந்தது.

"நீங்க ப்ரூஃப் பார்க்கலையா அண்ணே?" என்று அழுதுகொண்டே கேட்டாள் தங்கை.

"நான் பார்த்தா தப்பு வராது. நீ எழுதிக் கொடுத்ததே தப்பு" என்றார் அண்ணன். அதோடு சரி.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் மனைவி.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். மறைக்க வழியில்லை.

"சமையல் போட்டி பார்க்கறா. நேத்து எட்டாவது எபிசோடு. இன்னிக்கு ஒன்பது."

"அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? உக்காந்து டிவி பார்க்கறான்னா நல்லா இருக்கான்னு அர்த்தம்." குரல் கொஞ்சம் இறங்கியது. "போன மாசம் பதினோரு நாள் எபிசோடு நகரவே இல்ல."

அவளுக்கு ஞாபகம் வந்தது. போன மாதம், "உன் நாத்தனாருக்கு ஒரு போன் போட்டுப் பாரேன்" என்று இவர் சும்மா கேட்பதுபோலக் கேட்டார். போட்டபோதுதான் தெரிந்தது, குட்டிக்கு டைபாய்டு.

"இவ்வளவு பாசம் இருக்கில்ல, நேரா பேசினா என்னவாம்?"

"நான் எதுக்குப் பேசணும்? தப்பு என் மேல இல்லையே."

இந்த மனுஷனைத் திட்டுவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் கேபிள்காரர் வருவதற்கு முன்னால் நாத்தனாருக்குப் போன் செய்தாள். அவர்கள் இருவருக்குள் எந்தச் சண்டையும் கிடையாது. தையல் மெஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவே, "சொல்லுங்க அண்ணி" என்றாள் குட்டி.

"ஆன்லைனை எடுத்துடலாம்னு பார்த்தேன். அதுல நீ பார்த்துக்கிட்டிருக்கேன்னு நேத்துதான் தெரிஞ்சுது. எடுக்கல, நீ பாரு."

"நான் எங்க அண்ணி பார்க்கறேன்? எங்க வீட்டுக்குன்னு தனியா எடுத்து ஒரு வருஷம் ஆச்சு. உங்களோடதைத் தினமும் மத்தியானம் ஓட விட்டுட்டு மெஷின்ல உக்காந்துடுவேன். எபிசோடு பாதி ஓடினதும் நிறுத்திடுவேன்."

"பார்க்காம எதுக்குடி ஓட விடறே?"

மெஷின் சத்தம் நின்றது.

"நான் நிறுத்தின இடத்துல அது நிக்கறதில்ல அண்ணி. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல பார்த்தா, ஒரு நிமிஷம் தள்ளிப் போயிருக்கும். யாரோ கை தவறி அமுக்கிடறாங்க. அண்ணன் ப்ரெஸ்ஸுலேர்ந்து வர்ற நேரம் அது."

"இரு, இப்பவே அவர்கிட்ட சொல்றேன்."

"ஐயோ, சொல்லிடாதீங்க அண்ணி!" என்றாள் குட்டி. "கை தவறுதுன்னு தெரிஞ்சா, எங்க அண்ணன் பார்க்கறதையே நிறுத்திடுவாரு."