மேடேறும் மருந்துக்கடை

எங்கள் தெரு கோத்தகிரிச் சரிவில் இருக்கிறது. மருந்துக்கடை சக்கரத்தில் தானே ஓடி வரும். போன்கள் இருக்கும் இடத்தையும் அவற்றின் நடமாட்டத்தையும் வைத்து நோயாளிகளைக் கணக்கெடுத்து, அவர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே போய் நிற்கும். மேடு ஏற அதற்குச் செலவு அதிகம். எங்கள் தெருக் கணக்கில் ஓர் ஆள் குறைந்தாலும் வராது.

என் மனைவி அமலோற்பவத்தை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய அன்றே பக்கத்து வீட்டு ரோஸ்லின் கேட்டாள்.

"அண்ணே, அக்கா போனை அணைச்சிராதீங்க. ஒரு ஆளு குறைஞ்சா கடை ஏறாது. இந்தக் கட்டைக் காலோட இன்சுலின் வாங்க நான் எப்படிக் கீழ இறங்குவேன்?"

எனக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அந்த போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காலையும் மாலையும் நடந்தேன். கடையும் வந்தது. ஒரு மாதத்தில் திடீரென்று நின்றுவிட்டது.

ரோஸ்லின் விசாரித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வருஷக்கணக்கா படுத்துக் கிடந்த அக்காவை தினம் மலை சுத்த வச்சிருக்கீங்களே! அக்காவுக்கு நோய் தீர்ந்து ஒரு ஆளு குறைஞ்சுபோச்சுன்னு கடை வேற பக்கம் போயிருச்சு." சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அண்ணே, அக்காவை மறுபடி படுக்க வைங்க."

அமலோற்பவம் படுத்திருந்த பக்கம், தலையணை மேல் போனை வைத்தேன். வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். எடுத்துப் பையில் போட்டேன், திரும்பவும் வைத்தேன்.

மறுநாள் கடை மேடேறி வந்து எங்கள் வாசலில் நின்றது.

"அமலோற்பவம் அம்மாவுக்கு மறுபடி வலியா?" என்று கேட்டது. ரோஸ்லின் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா," என்றேன். "ராத்திரி முழுக்கத் தூங்கல."