தை தவறாமல் வந்தவர்

மலாயாவில் வெள்ளைக்கார துரையின் ரப்பர் தோட்டத்தில் ஒன்பது வருசம் கிடந்துவிட்டு, சென்றாயன் இப்போதுதான் முதல்முறையாகக் கொல்லிமலைக்குத் திரும்பியிருந்தான். மனைவி பாப்பாத்தி திகைக்கவில்லை, அழவில்லை. சாமைச்சோறு போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே கப்பல் பயணத்தைச் சொல்லத் தொடங்கினான்.

"அதான் ஒவ்வொரு தையிலயும் வந்து சொல்றீங்களே" என்று அவள் சிரித்தாள். "காய்ச்சல்ல கிடந்து எம் பேரச் சொல்லிப் பொலம்பினதக்கூடச் சொன்னீங்க."

அந்தக் காய்ச்சலைப் பற்றி அவன் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டான்.

"நான் எப்பப் புள்ள வந்தேன்? இப்பத்தானே வாரேன்!"

"வெளையாடாதீங்க."

கதவோரம் மூன்று வயதுப் பெண்குழந்தை நின்றிருந்தது. முகம் அச்சு அசல் அவனுடையது. அவனையே வெகுநேரம் பார்த்துவிட்டு அது கேட்டது:

"அம்மா, நம்ம அப்பா வந்தா இவங்க எங்க படுப்பாங்க?"