புனிதக் கிணற்றை மூட வந்த நாள்

அந்தப் புனிதக் கிணறு யாருடையது என்று கேட்டால் ஆளாளுக்குக் கைகாட்டுவார்கள். நகராட்சி கிணற்றடி வீட்டுக் குடும்பத்தைக் காட்டியது. அந்த வீட்டில் தம்பி அக்காவைக் காட்டினான். நோய் தீரும் என்று தண்ணீர் மொள்ள வந்தவர்கள் எப்போதோ நின்றுவிட்டார்கள். தையல் வேலை முடிந்த கையோடு வந்து சருகு அள்ளி, பாசி தேய்த்து அக்காவுக்கு இடுப்பே விட்டுப்போனது.

“போதும்க்கா, மூடித் தொலைச்சிடலாம்,” என்றான் தம்பி. அவளும் தலையாட்டிவிட்டாள்.

மண் லாரி வந்து நின்றது. ஒருநாளும் வற்றாத கிணற்றை மோட்டார் வைத்து மதியத்துக்குள் இறைத்துவிட்டார்கள். உள்ளே கிடப்பதை அள்ளக் கிணற்று வேலைக்காரர் கயிறு கட்டி இறங்கினார். வெகுநேரமாகியும் வாளி மேலே வரவில்லை.

“என்னண்ணே, சேறு நிறைய இருக்கா?” என்று அக்கா எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

“சேறே இல்லம்மா. தரைய யாரோ கூட்டி வச்சிருக்காங்க. கூட்டின தடம் அப்படியே இருக்கு.” அவர் குரல் இறங்கியது. “ஓரமா ஒரு துடைப்பம் சாத்தியிருக்கு. தேஞ்சு தேஞ்சு கட்டு மட்டும்தான் மிச்சம்.”

தம்பிக்கு முகம் வெளிறியது. அக்காவுக்குப் பயம் வரவில்லை; தன்னைப் போலவே கீழேயும் ஒருவர் கூட்டிக் கூட்டித் தேய்ந்திருக்கிறார் என்று இடுப்பைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள். லாரியைத் திருப்பி அனுப்பச் சொன்னாள். தெருமுனைக் கடையில் புதுத் துடைப்பம் ஒன்று வாங்கி வந்து, வாளியில் வைத்து மெதுவாக இறக்கினாள்.

“இத அங்க சாத்தி வச்சிட்டு ஏறி வாங்கண்ணே,” என்றாள். “தண்ணி ஊற ஆரம்பிச்சிடும்.”