மூத்தாள் தடம்

தென்னூர் வீட்டில் மூத்தாள் நடமாடுகிறாள் என்பதில் இருசம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. துடைத்துவிட்ட சிமெண்டுத் தரையில், அடுப்படியிலிருந்து வாசல்வரை காசளவு ரத்தக்கறைகள் தெரியும். செத்துப்போன முதல் பெண்டாட்டி, இரண்டாந்தாரத்தை நிம்மதியாக வாழ விடுவாளா? புதுப்புடவை வைத்துப் படைத்தும் பார்த்தாயிற்று. கறை நிற்கவில்லை.

முதுகில் இருந்த தேமலைக் காட்டப் புருஷன் நல்லுசாமியோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா தேமலை ஊசியால் தொட்டுப் பார்த்தார். பிறகு, அடிப்பக்கம் மை தடவிய ரப்பர் பாயைக் காகிதத்தின்மேல் விரித்தார்.

"இதுமேல நடங்க. பாதம் எங்க அதிகமா அழுத்துதுன்னு தெரியும்."

நடந்தாள். பாயை எடுத்தால், பெருவிரலுக்குக் கீழே மட்டும் கன்னங்கரேலென்று காசளவு வட்டம்.

இருசம்மாள் சட்டென்று பின்னால் நகர்ந்தாள். "அக்கா இங்கேயும் வந்துட்டா!"

"யாரும் வரலைம்மா." டாக்டரம்மா அவள் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். "இவ்வளவு பெரிய புண்ணு, ரத்தம் கசியுது. வலிக்கலையா?"

"எந்தப் புண்ணு?"

"குஷ்டத்துல கால் மரத்துப்போச்சு. பயப்படாதீங்க, மருந்து இருக்கு."

இருசம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். நல்லுசாமி கதவோரம் போய் நின்றிருந்தான்.

"அக்கா," என்று முனகினாள், "அது நீயாவே இருந்திருக்கக் கூடாதா?"