அவர் பேரில் ஒரு திருத்தம்

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு நம்ம டெவலப்பர் எங்க இருந்தார்?" மேனேஜர் கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில மேடம். அவர் பொண்ணுக்கு ஆபரேஷன்," என்றார் டெஸ்டர்.

"அதே மூணு மணிக்கு அவர் பேர்ல யாரோ லாகின் பண்ணி, அவர் எழுதின கோடை மாத்தியிருக்காங்க. உங்க கம்ப்யூட்டர்ல இருந்து."

டெஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான்தான்."

இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதே அவளுக்கு இடித்தது. டெஸ்டருக்கும் டெவலப்பருக்கும் அடுத்தடுத்த மேஜை. ஆனால் இருவரும் முகம் கொடுத்துப் பேசி ஒரு வருஷம் ஆகிறது. என்ன சண்டையோ, யாருக்கும் தெரியாது.

கை வைத்த இடமும் சாதாரண இடமில்லை. அவர்கள் தயாரிப்பது, மற்றவர்களின் புரோகிராம்களை ஓட்டும் விர்ச்சுவல் மெஷின். ஏதாவது ஒரு புரோகிராம் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டே போனால் அதற்கென்று ஒதுக்கிய ஸ்டாக் என்னும் நினைவக அடுக்கு நிரம்பி வழியும். அப்போது அதை மட்டும் நிறுத்த வேண்டும். மொத்த மெஷினும் படுத்துவிடக் கூடாது. நாளைக் காலை வாடிக்கையாளர் வந்து சோதிக்கப்போவது அதைத்தான்.

"ஆள் இல்லாத நேரம் பார்த்து அவர் வேலைக்கே உலை வைக்கிறீங்களா? அந்த டெஸ்ட்டை இப்ப என் முன்னாடி ஓட்டுங்க."

ஓட்டினார். புரோகிராம் தன்னைக் கூப்பிட்ட எண்ணிக்கை திரையில் ஏறியது. எட்டாயிரம். ஒன்பதாயிரம். அவள் கையைக் கட்டிக்கொண்டு, மெஷின் எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

'ஸ்டாக் நிரம்பிவிட்டது. இந்த புரோகிராம் நிறுத்தப்பட்டது.'

மற்ற புரோகிராம்கள் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

"திங்கட்கிழமை வரைக்கும் மொத்தமா விழுந்துட்டிருந்தது மேடம். ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் அலைஞ்சதுல ஒரு வரியை விட்டுட்டார்."

"சரி பண்ணினதை உங்க பேர்லயே பண்ணியிருக்கலாமே?"

"அப்ப தப்பு யாரோடதுன்னு தெரிஞ்சுபோயிடும். போன மாசம்தான் அவருக்கு கடைசி எச்சரிக்கைன்னு லெட்டர் கொடுத்தீங்க."

ஆனாலும் அவளுக்கு ஒன்று உறுத்தியது.

"பாஸ்வேர்டு? அதை அவர் உங்களுக்குக் கொடுத்திருக்க மாட்டாரே."

"பொண்ணு பேரைப் போட்டுப் பார்த்தேன், திறந்துடுச்சு." டெஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அந்தப் பேரு நான் வெச்சது மேடம்."